பாளையங்கோட்டையில் ஒரு பெட் கடை: நாலு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தது

ஒரு கடையைப் பற்றி எழுத நாலு தடவை போகத் தேவையில்லை. நான் போனதற்குக் காரணம் வேறு. தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் பதினேழு வருஷம் கவுண்டரில் நின்றாயிற்று. வருகிற தை மாதம் சொந்தமாக ஒரு சின்னக் கடை போடப் போகிறேன். நாய், பூனைக்குத் தீனி, பெல்ட், கிண்ணம், சீப்பு, வீட்டுக்குள் பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் போடுகிற பூனை மண், இவ்வளவுதான். குட்டிகளோ குருவிகளோ விற்பதாக இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், முன்பணமும் கொடுத்தாயிற்று. "மருந்துக்கடை வைக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு நாய் பிஸ்கட் கடை எதுக்கு?" என்று வீட்டில் தொடங்கிய பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. சரி, ஒழுங்காக நடக்கிற கடை ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்துவிடுவோம் என்று ஆவணியில் நாலு ஞாயிறு ஆலங்குளம் வழி பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போனேன்.

கடை முருகன்குறிச்சியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். "பேரைப் போட்டியள்னா ஞாயித்துக்கிழமை நான் சாப்பிடப் போவ முடியாது." அது உண்மைதான். காலை பத்தரைக்கு மேல் அந்தச் சந்தில் பைக் நிறுத்த இடம் இருக்காது.

பெட் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வேலை செய்வது மூக்குதான். எங்கள் பக்கத்தில் வேறொரு கடையில் போன சித்திரையில் எங்கள் நாய் கறுப்பிக்கு ஒரு கிலோ லூஸ் தீனி வாங்கினேன். மூடி இல்லாத நீல டிரம், மேலே ஒரு பிளாஸ்டிக் மக். வீட்டில் கிண்ணத்தில் போட்டால் கறுப்பி மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "நல்லா சோறு போட்டுப் பழக்கிட்டீங்க, திமிரு" என்றார் கடைக்காரர். நான் ஒரு உருண்டையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. இந்த உருண்டைகளை வேகவைத்துக் காயவைத்த பிறகு வெளிப்பக்கம்தான் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். நாய்க்கு ருசி அதில்தான். காற்றும் வெயிலும் பட்டால் முதலில் கெடுவதும் அதுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருபது கிலோ மூட்டையைப் பிரித்துக் கொட்டி வைத்தால் என்ன ஆகும்? நாய்க்குத் தெரிந்தது, கடைக்காரருக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டைக் கடையில் அந்த வாடை இல்லை. லூஸ் விற்பனை இங்கேயும் உண்டு, அதுவும் அமோகமாக. ஆனால் மூட்டையை டிரம்மில் கொட்டுவதில்லை. பிரித்த மூட்டையை அப்படியே டிரம்முக்குள் இறக்கி, வாயைச் சுருட்டி, பெரிய கிளிப் போட்டு, அதற்கு மேல் டிரம் மூடி. மூட்டையின் நெற்றியில் மார்க்கரால் '17/8 திறந்தது' என்று எழுதியிருந்தது. ஏன் கொட்டவில்லை என்று கேட்டேன். "கொட்டுனா அடியில பழைய எண்ணெய் பிடிச்சிக்கிடும், தம்பி. அடுத்த மூட்டையைப் போட்டா அதுவும் சேந்து கெட்டுப்போவும். அதோட மூட்டையிலல்லா பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கு. மூட்டையைத் தூரப் போட்டுட்டு நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் எதைக் காட்ட?" மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். அதே புத்தி. அந்த ஒரு பதிலுக்கே எனக்குக் கடை பிடித்துப்போய்விட்டது.

அலமாரி அடுக்கிலும் அதே ஒழுங்கு. பெடிகிரி, டிரூல்ஸ், விஸ்காஸ், மி-ஓ, கொஞ்சம் ராயல் கேனின். தேதி கிட்டத்தில் முடிகிறது முன்னால், புதுச்சரக்கு பின்னால். ஒரு மாதத்துக்குள் தேதி முடிகிற பாக்கெட்டுகளைத் தனிக் கூடையில் போட்டு, 'தேதி கிட்டே, பார்த்து வாங்கவும்' என்று சீட்டு ஒட்டி, விலையைக் குறைத்திருந்தார். ஒளித்து விற்கவில்லை. இன்னொன்று, அங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எல்லா நாய்த் தீனியும் 'பெடிகிரி'தான். "அந்த மஞ்சப் பெடிகிரி இல்லாம வேற பெடிகிரி இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி திருத்தாமல் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறு அவர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் நான் பஸ்ஸுக்குக் கொடுத்த காசுக்கு வரவு.

ஒரு பெண் மகனோடு வந்தார். கையில் சின்ன டியூப். நாய் உண்ணிக்குப் பிடரியில் விடுகிற சொட்டு மருந்து. வேறெங்கோ வாங்கியது. வீட்டில் நாய்க்கு விட்டது போக மீதி இருக்கிறதாம். பூனைக்கும் உண்ணி ஏறியிருக்கிறது, எத்தனை சொட்டு விடட்டும் என்று கேட்டார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, "இந்தப் படத்தைப் பாருடே" என்றார். பூனைத் தலை மேல் பெருக்கல் குறி. அரிசி மணி அளவுதான் இருக்கும். "இதுல பெர்மெத்ரின் இருக்கும்மா. நாய் தாங்கிக்கிடும். பூனைக்கு ஆவவே ஆவாது. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும், உசுருக்கே வந்துரும். நாய்க்கு விட்டாலும் அது காயிற வரைக்கும் பூனையைப் பக்கத்துல விடாதீங்க." பூனைக்கு என்ன போடலாம் என்று கேட்டதற்கு, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். பல் நெருக்கமான சீப்பு ஒன்றை மட்டும் விற்றார். சீப்பு தவிர அந்த அம்மாவிடம் அவருக்கு வியாபாரம் ஒன்றும் இல்லை.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்து நின்றேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா எங்கள் மருந்துக்கடைக்கு வந்து, பூனைக்குட்டிக்குக் காய்ச்சல், குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் கொடுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தேன். பில் போட்டேன். அளவு கொஞ்சமாகக் கொடுங்கள் என்று புத்திமதி வேறு சொன்னேன். நாம் சாப்பிடும் பாராசிட்டமாலை முறிக்கிற வழி பூனையின் கல்லீரலில் சரியாகக் கிடையாது. கொஞ்சம் போனாலே ரத்தம் கெட்டுவிடும். இது எனக்குத் தெரிய வந்தது ரொம்ப நாள் கழித்து. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. நாய் பிஸ்கட் கடை எதற்கு என்று கேட்கிற வீட்டாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மருந்து விஷயத்தில் அண்ணாச்சி கறார். குடற்புழு மாத்திரைகூட வைப்பதில்லை. கால்நடை மருந்தானாலும் விற்க மருந்து உரிமம் வேண்டும், என்னிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார். நான் பார்த்த சில கடைகளில் பெல்ட்டுக்கும் பந்துக்கும் நடுவில், வெயில் விழுகிற கண்ணாடியோரமாகப் புழு மருந்து சிரப் வரிசையாக நிற்கும். மருந்துக்கடைக்காரன் கண்ணுக்கு அது முள்ளாகக் குத்தும்.

மூன்றாவது ஞாயிறு ராஜபாளையம் குட்டியோடு ஒருவர் வந்தார். மூன்று மாதக் குட்டி, பாலில் முக்கி எடுத்தது போல வெள்ளை, காதுக்குள் மட்டும் ரோஸ் நிறம். அவருக்கு வேண்டியது பெரிய நாய்க்கான இருபது கிலோ மூட்டையும், கால்சியம் சிரப் இரண்டும். "எலும்பு நல்லா வரணும்ல." எந்தக் கடைக்காரரும் இரண்டையும் எடுத்து வைத்துவிடுவார். இவர் இரண்டும் வேண்டாம் என்றார். குட்டிக்கென்று இருக்கிற தீனியை ஒரு வயசு வரைக்கும் கொடுங்கள், அதில் வேண்டிய கால்சியம் அளவாக இருக்கிறது, அதுக்கு மேலே ஊற்றினால் வேகமாக வளருகிற பெரிய ஜாதிக் குட்டிக்கு எலும்பு கோணும் என்றார். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று கிலோ குட்டித் தீனி மட்டும் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். "சிரப்பை ஜங்ஷன்ல வாங்கிக்கிடுவாரு" என்றார் அண்ணாச்சி, கோபம் இல்லாமல்.

பொருள் விளக்கம் என்றால் எனக்குப் பிடித்தது பூனைச் சாப்பாட்டுக் கணக்கு. கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: ஈரச் சாப்பாட்டுப் பவுச்சில் புரதம் 8 சதவீதம், காய்ந்த தீனியில் 30 சதவீதம், அப்புறம் பவுச் எதற்கு இவ்வளவு விலை? அண்ணாச்சி பழைய அட்டை ஒன்றைக் கிழித்துக் கணக்குப் போட்டார். பவுச்சில் ஈரம் 85 சதவீதம். மீதி 15. அந்தப் பதினைந்தில் எட்டு புரதம், அதாவது பாதிக்கு மேல். காய்ந்த தீனியில் ஈரம் 10, மீதி 90, அதில் 30 புரதம், மூன்றில் ஒரு பங்கு. ஆக, தண்ணீரைக் கழித்தால் பவுச்தான் கெட்டி. ஆனால் 85 கிராம் பவுச்சில் தண்ணீரைக் கழித்த சாப்பாடு 13 கிராம்தான். அதை மட்டும் போட்டு வயிற்றை நிரப்ப உன் அப்பா சம்பளம் பத்தாது என்றார். காய்ந்ததைப் போடு, ஆண் பூனை என்றால் கோடையில் நாளுக்கு ஒரு பவுச் சேர்த்துக்கொள், பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு, மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவு தனி. பையன் இரண்டு பவுச் வாங்கினான். அட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பூனை மண்ணைச் சோதிப்பதையும் செய்து காட்டினார். எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி மண், நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர். ஒரு நிமிஷம் விட்டு ஸ்பூனால் கிளறினால் நல்ல மண் சுண்டைக்காய் உருண்டை போல ஒரே கட்டியாக எழும்பி வருகிறது. மட்டமானது சேறாகக் கிண்ணத்தில் அப்பிக்கொள்கிறது. குஜராத்தில் கட்ச் பக்கம் வெட்டுகிற பென்டோனைட் களிமண் அது. தண்ணீரைக் குடித்து உப்பும். அதனாலேயே அதைக் கக்கூஸில் கொட்டக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். பாளையங்கோட்டையிலாவது மாடி வீடுகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் இன்னும் பாதிப் பூனைகளுக்கு மரத்தூளும் வாசல் மணலும்தான். இதில் எவ்வளவு வாங்கிப் போடுவது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஐந்து கிலோ பை பத்து வந்தாலே என் கடையில் நடக்க இடம் இருக்காது.

இனி குறைகள். லூஸ் தீனியைக் காகித உறையில் கட்டித் தருகிறார். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கைப்பை தடை, அதனால் காகிதம், சரி. ஆனால் தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் உறையில் எண்ணெய் பூத்துவிட்டது. மறுநாள் சாரல் காற்றில் உருண்டை நமுத்தும் போயிற்று. பாளையங்கோட்டை வெயிலில் அவருக்கு இது பிரச்சினையாகத் தெரியாது. எங்களுக்கு ஆனி ஆடியில் அப்பளமே தாங்காது. உறைமேல் பேட்ச் நம்பரும் தேதியும் எழுதித் தருவதில்லை. மூட்டையில் இருக்கிறதே என்கிறார், வாங்கிப்போகிறவர் கையில் இல்லையே. பில் கேட்டால்தான் கிடைக்கும். தராசு முத்திரை புதிதாக இருந்தது, அதைப் பார்த்துவிட்டேன். பெல்ட் அளவு பார்க்கக் கண்ணாடியும் கிடையாது, நாயை நிறுத்த இடமும் கிடையாது. கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகணும் என்று வாயால் சொல்லி அனுப்புகிறார். ஹார்னஸ், அதாவது நெஞ்சோடு சேர்த்து மாட்டுகிற பெல்ட், வாங்கிப்போனவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரமே மாற்ற வந்ததை நானே பார்த்தேன். முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார், அது வேறு.

விலை? ஆன்லைனை விடக் குறைவு என்று சொல்ல முடியாது. பெரிய மூட்டை ஆன்லைன் தள்ளுபடி நாளில் இங்கேயுள்ள விலையை விடக் கீழே போகிறது. நான் நேராகவே கேட்டேன், எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று. "மூட்டையில நூத்துக்குப் பத்து நின்னாப் பெருசு தம்பி. பெல்ட்டு, கிண்ணம், பொம்மை, சீப்பு, அதுலதான் வாடகை. மூட்டை எதுக்குன்னா, மூட்டைக்கு வாரவன்தான் பெல்ட்டும் வாங்குவான்." நாய், பூனைத் தீனிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பக்கத்துக் கடை மாட்டுத் தீவனத்துக்கு அது கிடையாது. ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்கிற என்னைப் போன்றவர்கள் பதிவு செய்யாமல் இருக்கலாம், ஆனால் வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது சரக்கின் விலையோடு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு ஏற்கெனவே ஒரு விநியோகஸ்தர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். முதல் ஆர்டர் பெரிதாகப் போட்டால் ரப்பர் பொம்மை இலவசம் என்றார். தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். மருந்து வியாபாரத்தில் இருந்து வந்தவனுக்கு அந்தச் சிரிப்பு புரியாது. அங்கே தேதி போன மாத்திரையை எடுத்துப் போய்க் கணக்கில் கழிப்பது வழக்கம். இதைச் சொன்னதும் அண்ணாச்சி தன் நோட்டைக் காட்டினார். எந்த மூட்டை என்று வந்தது, எத்தனை நாளில் தீர்ந்தது என்று இரண்டு வருஷக் கணக்கு. "மூணு வாரத்துல தீராத மூட்டையைப் பிரிக்காதீங்க. பாக்கெட்டாவே வித்துப் பாருங்க. அப்புறம் தேதி போனதைத் திரும்ப எடுப்பேன்னு எழுதிக் குடுக்காதவன்கிட்டப் பெரிய ஆர்டர் போடாதீங்க." நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். அதற்கு மட்டும் முடியாது என்று மூடி வைத்துவிட்டார். நியாயம்தான்.

குட்டி விற்பனை ஏன் இல்லை என்றும் கேட்டேன். நாய், பூனை, முயல், பறவை எதை விற்றாலும் 2018 பெட் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கொடுக்கக் கூடாது, வந்து பார்ப்பார்கள். சாமான் மட்டும் விற்றால் அந்தப் பாடு இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் அது இல்லை. "சாமான் விக்காம கிடந்தா தூசி தட்டலாம். குட்டி விக்காம கிடந்தா?" ஒருவர் பச்சைக்கிளிக்குக் கூண்டு கேட்டு வந்தபோதும், கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர், "ஊர்ல எல்லாரும் வளக்காங்களே" என்றார். கூண்டு விற்கவில்லை. எதிர்க்கடையில் கிடைக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கடைசியாக ஆச்சி. நாலு ஞாயிறும் பதினோரு மணிக்கு வந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். "எய்யா, பத்து ரூவாய்க்குப் பூனை பிஸ்கோத்து குடு." பத்து ரூபாய்க்கு ஐம்பது கிராம்கூட வராது. அண்ணாச்சி அவருக்கு மட்டும் தராசில் போடுவதில்லை, ஸ்கூப்பால் ஒரு அள்ளு. காகித உறையும் இல்லை. ஆச்சி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவருகிறார், இறுக்கமான மூடியோடு. நமுத்துப்போகாத சரக்கு அந்தக் கடையிலிருந்து போனது அவர் வீட்டுக்கு மட்டும்தான்.

போகிறவர்கள் காலை பத்துக்கு முன்னால் போங்கள். லூஸ் வாங்குவதென்றால் டப்பா கொண்டுபோங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஹார்னஸ் என்றால் நாயின் நெஞ்சுச் சுற்றளவை நூலால் அளந்து அந்த நூலையே எடுத்துப் போங்கள். கூகுள் பே உண்டு. ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கிவிடும், ஆள் உள்ளே நின்றாலும்.